நிற்கவைத்த பாட்டில்

எங்கள் பக்கத்தில் ‘ஒயின் ஷாப்’ என்றால் அங்கே ஒயினைத் தவிர மற்றதெல்லாம் கிடைக்கும். அம்மா அந்த வார்த்தையை வாயால் சொல்ல மாட்டாள். அப்பா உயிரோடு இருந்தவரை சம்பள நாளில் போய் உட்கார்ந்த இடத்துக்கு அதுதான் பெயர். ஆனால் அவள் ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயிலுக்குப் போகிறவள், அங்கே நற்கருணையில் ஒரு சொட்டு வாங்குகிறவள். அதற்கு அவளிடம் வேறு வார்த்தை இருந்தது: திராட்சரசம். ஆகவே என் தம்பி ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பாட்டில் சிவப்பு ஒயினைத் துணிக்குள் சுற்றி விழுப்புரத்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, அது வாசற்படி தாண்டுவதற்குள் திராட்சரசமாக மாறிவிட்டது.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு அந்த மாற்றம் புரியவில்லை. “இன்னாது, இருபது வருசம் வைக்கிற ரசமா? எங்க வூட்ல நேத்து வச்ச ரசமே இன்னிக்கிப் பொங்கிப் போவுது” என்றார். அம்மா சிரித்தபடி, “அது அந்த ஊரு ரசம்” என்று பதில் சொன்னாள். தெருவில் நாலு பேர் புதுச்சேரி சரக்கு என்றுதான் நினைத்தார்கள். அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. மகன் வந்திருந்தான், அது போதும்.

தம்பி அடிலெய்டுக்குப் படிக்கப் போயிருந்தான். வார இறுதிகளில் பக்கத்துத் தோட்டங்களில் திராட்சை பறிக்கும் வேலை. அவன் போய் இறங்கிய அந்த வருடம் விளைந்த திராட்சையில் செய்தது இந்த ஒயின். அது அமோகமான விளைச்சல் வருடமாம். பாட்டிலைத் தொட்டிலில் இருந்து எடுக்கிற மாதிரி எடுத்து, எங்கள் இருவருக்கும் விளக்கினான்.

“இதுல ரெண்டு திராட்சை இருக்குக்கா. ஒண்ணு கேபர்நே, அது எலும்பு. இன்னொண்ணு ஷிராஸ், அது சதை.”

“அப்ப கறிக்கொழம்புன்னு சொல்லு” என்றாள் அம்மா.

“இரும்மா. புதுசுல ரெண்டும் தனித்தனியா முறைச்சிக்கினு நிக்கும். வருசம் ஆவ ஆவ ஒண்ணா கலந்து, எது எதுன்னே தெரியாது.”

“நானும் உங்கப்பனும் எத்தினி வருசம் ஒரே வூட்ல கெடந்தோம். எங்க கலந்தோம்?”

தம்பி விடவில்லை. விதிமுறைகளைச் சொன்னான். வெயில் படக்கூடாது. ஆட்டக்கூடாது. முக்கியமாகப் படுக்கவைக்க வேண்டும். பாட்டிலின் வாயில் இருப்பது மரத்தக்கை. ஒயின் அதைத் தொட்டுக்கொண்டே இருந்தால்தான் அது ஈரமாக, உப்பலாக, இறுக்கமாக இருக்கும். நிற்கவைத்தால் தக்கை காய்ந்து சுருங்கும், காற்று உள்ளே போகும், சீக்கிரம் கெட்டுவிடும். “படுக்க வச்சா இருபது வருசம் தாங்கும்மா. நான் வந்து நானே தொறப்பேன். மூணு பேரும் குடிப்போம்” என்றான். அம்மா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள். டாக்டர் சொல்வதை ஒரே தடவையில் மனதில் வாங்கிக்கொள்ளும் பழக்கம் உள்ளவள். இதையும் அப்படித்தான் வாங்கிக்கொண்டாள் என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

பின்கட்டு அறையில் அரிசி டிரம்முக்குப் பின்னால், தரையை ஒட்டிய சிமெண்ட் தட்டுதான் அந்த வீட்டிலேயே குளிர்ச்சியான இடம். பாட்டில் அங்கே படுத்தது. கத்திரி வெயிலில் அம்மா ஒரு கோணிச்சாக்கை நனைத்து அதன்மேல் போடுவாள். விழுப்புரத்து மே மாதத்தில் மனுஷருக்கே நனைத்த சாக்கு கிடைக்காது, இதற்குக் கிடைத்தது. ஈரத்தில் லேபிளின் ஒரு மூலை உரிந்துகொண்டது.

தம்பி தன் கல்யாணத்துக்கு வந்தான். மகள் பிறந்த பிறகு அவளைக் காட்ட ஒரு தடவை வந்தான். இரண்டு முறையும் பாட்டிலை வெளியே எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “இன்னும் ஆவலை” என்று திரும்பப் படுக்கவைத்தான். அதற்குப் பிறகு வரவேயில்லை.

வராததற்குக் காரணங்கள் இருந்தன. ஒன்றும் பொய்யில்லை, அதுதான் கொடுமை. முதலில் குடியுரிமை. பிறகு வீடு. பிறகு உலகமே கதவைச் சாத்திக்கொண்ட கொரோனா. பிறகு மகளின் பள்ளிக்கூடம். ஒவ்வொரு டிசம்பரிலும் “அடுத்த கிறிஸ்துமஸுக்குக் கண்டிப்பா” என்பான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது வீடியோவில் வந்தான். கட்டுப்போட்ட கண்ணோடு அவள் போனை மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, “நல்லா தெரியற, நல்லா தெரியற” என்றாள். ஒன்றும் தெரியவில்லை என்று எனக்குத் தெரியும்.

நான் திண்டிவனத்தில் பள்ளி ஆசிரியை. என்னோடு வந்து இரு என்றால் அம்மா கேட்க மாட்டாள். “அவன் வந்தா எந்த வூட்டுக்கு வருவான்?” என்பாள். இதற்குப் பதில் சொல்லி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் விழுப்புரத்துக்குப் பஸ் ஏறுவேன். கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றால் ஜன்னல் வழியாக அவித்த வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, ஒரு பொட்டலம் வாங்கிக்கொள்வேன். நான் போய்ச் சேரும்போது அம்மா கோயிலிலிருந்து திரும்பி, வெள்ளைப் புடவையை மடித்துக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் தம்பி போனில் குதித்தான். அந்த வருடத்து அந்த ஒயினை இப்போது சேகரிப்பவர்கள் தேடித் திரிகிறார்களாம். பூட்டிய நிலவறைகளில் வைத்துப் பாதுகாக்கிறார்களாம். ஏலத்தில் எப்போதாவது ஒன்று வந்தால் அடித்துக்கொள்கிறார்களாம்.

“தொறந்துடாதீங்கக்கா! இருபதுன்னு சொன்னேன் இல்ல? அதுக்கு மேல இன்னும் பத்து வருசம் வைக்கலாம்னு சொல்றாங்க. வைக்க வைக்க நல்லா ஆவும்.”

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அம்மா மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். உரிப்பதை நிறுத்தாமல், “அது நல்லா ஆவும்டா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். தம்பி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு நான் அரிசி எடுக்கப் போனபோது பாட்டில் நின்றுகொண்டிருந்தது.

நான் அதைப் படுக்கவைத்தேன். அதற்கடுத்த ஞாயிறும் நின்றது. மறுபடி படுக்கவைத்தேன். இப்படி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசாமல், மாதக்கணக்கில், நான் படுக்கவைக்க அவள் நிமிர்த்த, ஒரு பாட்டிலோடு மல்லுக்கட்டினோம். ஏன் என்று நான் கேட்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். எங்கள் சின்ன வயதில் அப்பா குடித்துப் போட்ட பாட்டில்கள் கட்டிலுக்கடியில் படுத்துக் கிடக்கும். கால் பட்டால் உருண்டு சத்தம் போடும். தெருவுக்குக் கேட்டுவிடுமே என்று அம்மா விடியற்காலையில் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரோரம் நிற்கவைப்பாள். படுத்த பாட்டில் என்றால் அவளுக்குக் குடிகாரன் வீடு. வயதாக ஆகப் பழைய பயம் திரும்பி வருகிறது போலும் என்று நானே ஒரு கதையைக் கட்டிக்கொண்டு, வகுப்பில் பிள்ளைகளுக்குப் பொறுமையாக இருப்பதுபோல அவளிடமும் பொறுமையாக இருந்தேன். அந்தப் பொறுமையில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

உண்மையைச் சொன்னால், அந்தப் பாட்டிலைத் தொடும்போதெல்லாம் எனக்குத் தம்பியைப் பார்க்கவேண்டும் போலிருக்கும். போனில் வருகிற தம்பியை இல்லை. போனில் வருகிறவனுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. எப்போதும் கார் ஓட்டிக்கொண்டிருந்தான், எப்போதும் “சொல்லுக்கா” என்றான். எனக்கு வேண்டியது, என் சோற்றுத்தட்டிலிருந்து கருவாட்டுத் துண்டைத் திருடிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி கூரையைப் பார்க்கிறவன். அவன் கைபட்டுப் பறித்த திராட்சையாகக்கூட இருக்கலாம் என்று அந்தக் கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஏக்கம் என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் தெரியாது.

போன கோடையில் ஒரு ஞாயிறு. வழக்கம்போல வந்ததும் பாட்டிலைப் படுக்கவைத்துவிட்டு, அம்மா செய்த மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவப் போனேன். பின்கட்டுத் தரையில் எறும்புச் சாரை. அது போகும் பக்கம் பார்த்தால், தட்டிலிருந்து ஒரு கோடாக, கருஞ்சிவப்பாக ஒழுகியிருந்தது. பாட்டிலின் கழுத்து பிசுபிசுத்தது. வாரமெல்லாம் நின்று நின்று தக்கை சுருங்கிவிட்டது, நான் படுக்கவைத்ததும் சுருங்கிய இடம் வழியாக வழிந்துவிட்டது. ஆளுக்குப் பாதி வேலையாக நாங்கள் இருவரும் சேர்ந்து அதை முடித்திருந்தோம்.

“அம்மா, ஒழுவுதும்மா!” என்று கத்தினேன்.

அவள் வந்து எட்டிப் பார்த்தாள். பதறவில்லை. குனிந்து பாட்டிலை எடுத்து, முந்தானையால் துடைத்து, நிமிர்த்தி வைத்தாள்.

“எத்தினி தடவை படுக்க வச்சேன்! ஏம்மா நிக்க வச்ச? அப்பா பாட்டில் ஞாபகமா?”

“உங்கப்பன் பாட்டிலா?” அம்மாவுக்கு நிஜமாகவே புரியவில்லை. “அதுக்கும் இதுக்கும் இன்னாடி சம்பந்தம்?”

“பின்ன ஏன்?”

“படுக்க வச்சா வருசக்கணக்கா தாங்கும்னு சொன்னானே. இருபதுன்னான். இப்ப இன்னும் பத்துன்றான். அது தாங்கும். நான் தாங்கணுமே.” எறும்புகளைத் தென்னந்துடைப்பத்தால் ஒதுக்கிக்கொண்டே சொன்னாள். “நிக்க வச்சா ஜல்தி கெட்டுடும்னு அவன்தானே சொன்னான். போன் போடு. ஒழுவுதுன்னு சொல்லு.”

அவள் மேல் நான் ஏற்றி வைத்திருந்த பழைய பயம், வயதானவர்களின் மறதி, என் பொறுமை எல்லாம் அந்த எறும்புகளோடு ஒதுங்கிப் போயின. கெட்டுவிடக் கூடாதென்று சாக்கு நனைத்துப் போட்டதும் இதே கைதான், கெடட்டும் என்று நிமிர்த்தியதும் இதே கைதான். அவளுக்கு அதில் ஒரு முரணும் இல்லை. அவன் வருகிறவரை நன்றாக இருக்கவேண்டும், ஆனால் அவன் வந்தே ஆகவேண்டும்.

வீடியோவில் கழுத்தைக் காட்டினேன். தம்பி காரை ஓரங்கட்டிவிட்டான்.

“அய்யோ. யாருக்கா நிக்க வச்சது?”

“நான்தாம்பா, பெருக்கறப்ப நிமித்தி வச்சிருப்பேன்” என்றாள் அம்மா, குரலில் அத்தனை அப்பாவித்தனத்தோடு. நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

“இனிமே வைக்க முடியாதும்மா. சீக்கிரம் தொறக்கணும்.”

“அப்ப எப்ப வர்ற?”

அவன் காரின் என்ஜினை அணைத்தான். பிறகு, “பாக்கறேம்மா” என்றான். வழக்கமான ‘பாக்கறேன்’ இல்லை அது. இரண்டு நாளில் டிக்கெட் போட்டுவிட்டதாகச் சொன்னான். கண் ஆபரேஷனுக்கு வராதவன் தக்கைக்கு வருகிறானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவிடம் சொன்னேன். “எதுக்கு வந்தா இன்னா, வர்றான் இல்ல?” என்றாள். அன்றைக்கே கேப்பை மாவு அரைக்கக் கொடுத்துவிட்டாள்.

வந்தான். அம்மா உயரத்துக்குக் குனிந்து கட்டிப்பிடித்துக்கொண்டான், ரொம்ப நேரம் விடவில்லை. அந்தச் சமயத்தில் நான் அவன் மேல் வைத்திருந்த கோபத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் தின்றுவிட்டுப் பகலெல்லாம் பாயில் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவனை மட்டும் அவள் நிமிர்த்தவேயில்லை, படுத்திருக்க விட்டாள்.

சாயங்காலம் பாட்டிலைத் திறந்தான். தக்கை பாதியிலேயே பொடிந்து உள்ளே விழுந்தது. டீ வடிகட்டியில் வடித்து மூன்று எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றினான். ஒயினின் ஓரம் செங்கல் நிறமாக இருந்தது. முகர்ந்தவன் முகம் சுருங்கியது.

“காடியாயிடுச்சும்மா. கெட்டுப்போச்சு.”

“கெட்டது இருக்கட்டும், ஊத்து” என்றாள் அம்மா. கோயிலில் வாங்குவதுபோலவே புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, கண்ணை மூடி ஒரு வாய் குடித்தாள். “கோயில்ல குடுக்கறது இனிக்கும். இது புளிக்குது. ஆனா நல்லாதான் இருக்குது.”

எனக்கும் புளிப்புதான். தம்பி மட்டும் மெதுவாகக் குடித்தான். திடீரென்று கையைக் காட்டி எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னான். “இருக்கு. அந்தப் பழைய ருசி உள்ள இருக்குக்கா. நாவப்பழம் காஞ்ச மாதிரி...” இன்னொரு வாய் குடித்தான். பிறகு தலையை ஆட்டினான். “போயிடுச்சு.” நானும் அவசரமாகக் குடித்துப் பார்த்தேன். எனக்கு அது அகப்படவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது. தோட்டத்தில் கை கிழிந்து திராட்சை பறித்த அந்தப் பையனையோ, அவன் போகும்போது பஸ் ஸ்டாண்டில் நின்ற எங்களையோ நினைத்திருப்பான். எதை நினைத்தானோ, டம்ளரைக் காலி செய்துவிட்டுத்தான் கீழே வைத்தான்.

ஒரு வாரம் ஓடிப்போனது. கிளம்புகிற அன்று பெட்டியிலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தான். புதுப் பாட்டில். அதே தோட்டம், அதே இரண்டு திராட்சை, மகள் பிறந்த வருடத்தது. அதன் வாயில் தக்கை இல்லை. சோடா பாட்டிலுக்கு இருக்கிற மாதிரி திருகு மூடி.

“இப்ப அங்க இப்பிடித்தாம்மா. தக்கைப் பிரச்சினையே கெடையாது. நிக்க வை, படுக்க வை, இதுக்கு ஒண்ணும் ஆவாது. வெயில் மட்டும் படாம பாத்துக்க. இருபது வருசம் சும்மா தாங்கும்.” அவன் சந்தோஷமாகச் சொன்னான். அம்மாவின் கவலையைத் தீர்த்துவிட்டதாக நினைத்தான். எனக்கு அவன் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது.

அம்மா பாட்டிலைக் கையில் வாங்கினாள். மூடியை விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். “வெயில் படக்கூடாதா?” என்று கேட்டாள்.

“ஆமாம்மா. வெயில் பட்டா சீக்கிரம் போயிடும்.”

“சரிப்பா” என்றாள்.

விமான நிலையக் கார் தெருமுனை திரும்பும்வரை கையை ஆட்டிக்கொண்டு நின்றாள். திரும்பிய பிறகும் கொஞ்ச நேரம் ஆட்டினாள்.

அடுத்த ஞாயிறு பஸ் தாமதம். நான் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. அம்மா கோயிலுக்குக் கட்டிய புடவையை மாற்றாமலே கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் நேராகப் பின்கட்டுக்குப் போனேன். சிமெண்ட் தட்டு காலியாக இருந்தது. கூடத்துக்குத் திரும்பினேன். மேற்குப் பார்த்த ஜன்னலின் ஒரு கதவு திறந்திருந்தது. அதன் விளிம்பில் பாட்டில் நின்றுகொண்டிருந்தது. வெயில் அதற்குள் புகுந்து, அம்மாவின் வெள்ளைப் புடவை மடியில் சிவப்பாக விழுந்திருந்தது.

“இன்னாடி பாக்கற?” என்றாள், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் பையைக் கீழே வைத்தேன். ஜன்னலுக்குப் போய், அதன் இன்னொரு கதவையும் திறந்து வைத்தேன்.